ஊசி போட்டால் உண்மை வருமா?

"ஊசி போட்டு ரெண்டு கேள்வி கேட்டால் எல்லாத்தையும் கக்கிவிடுவான். ஏன் சார் போலீஸ் அதைச் செய்யறதில்லை?" என்று திருநாவலூரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். துப்புத் துலங்காத கொலைச் செய்தி வரும்போதெல்லாம் டீக்கடையில் எழும் கேள்விதான். செய்யாமல் என்ன, ஆருஷி வழக்கில் தாராளமாகவே செய்தார்கள்.

2008 மே 16 காலை, நொய்டாவில் ஒரு பல் மருத்துவத் தம்பதியின் 13 வயது மகள் ஆருஷி கொலையுண்டு கிடந்தாள். வேலையாள் ஹேம்ராஜைக் காணோம். அவர்தான் கொலையாளி என்றது போலீஸ். மறுநாள் மொட்டைமாடிப் பூட்டை உடைத்தால், அங்கே ஹேம்ராஜும் பிணம். பிறகு பெற்றோர்தான் என்று ஒரு கட்சி. அவர்களுடைய உதவியாளரும் அக்கம்பக்க வேலையாட்களும்தான் என்று இன்னொரு கட்சி. சிபிஐயிலேயே இரண்டு குழுக்கள், இரண்டு கதைகள். நார்கோ எனப்படும் அந்த ஊசி மட்டும் இரு தரப்புக்கும் போடப்பட்டது.

அந்த ஊசியில் இருப்பது தயோபென்டால். கொழுப்பில் சுலபமாகக் கரைவதால், ஏற்றிய அரை நிமிடத்தில் மூளைக்குள் புகுந்துவிடும். அங்கே காபா என்ற வேதிப்பொருள் நரம்பணுக்களின் சுவரிலுள்ள நுண்வாயில்களைத் திறந்து குளோரைடு அயனிகளை உள்ளே விடுகிறது. எதிர்மின்னூட்டம் ஏற ஏற நரம்பணுவின் துடிப்பு அடங்கும். திறந்த வாயிலைச் சட்டென்று மூடவிடாமல் பிடித்துக்கொள்வதுதான் தயோபென்டாலின் வேலை. எனக்கு மிகவும் பிடித்தது அடுத்த கட்டம். மருந்து உடலைவிட்டுப் போகாமலேயே ஐந்து, பத்து நிமிடங்களில் ஆள் விழித்துக்கொள்வார். மூளையிலிருந்து நழுவி அது தசைக்கும் பிறகு கொழுப்புக்கும் குடிபோய்விடுகிறது! அதனால் மயக்க மருத்துவர் அருகிலேயே உட்கார்ந்து, தூங்கவும் விடாமல் தெளியவும் விடாமல் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

இந்த அரைமயக்கத்தில் தளர்வது வாய்க்கட்டுப்பாடு. கல்யாண மண்டப வாசலில் நிற்கும் பெரியப்பா கண்ணயர்ந்தால் சொந்தக்காரர்கள் மட்டுமா உள்ளே வருவார்கள்? பத்திரிகை வைக்காதவர், பக்கத்து மண்டபத்துக்குப் போக வேண்டியவர், பந்திக்கென்றே வருபவர் எல்லாரும் வருவார்கள். "மாப்பிள்ளை நீங்கதானே?" என்று யாரோ கேட்க, ஒருவர் "ஆமாம்" என்று மாலையையும் வாங்கிக்கொள்கிறார். உவமை மணவறை வரை போய்விட்டது, இருக்கட்டும். நடந்தது, பயந்தது, டிவியில் பார்த்தது, கேட்பவர் கேள்வியிலேயே ஊட்டியது, எல்லாம் ஒரே குரலில் வெளிவரும். கெட்டிக்காரர் பொய்யும் சொல்லலாம்.

1922-ல் டெக்சாஸில் ராபர்ட் ஹவுஸ் என்ற மருத்துவர் ஸ்கோபோலமைன் கொடுத்து இரண்டு கைதிகளைப் பேசவைத்ததிலிருந்து 'உண்மை மருந்து' மோகம் ஓடுகிறது. வரலாறு இவ்வளவு போதும். 2010 மே மாதம், செல்வி வழக்கில் உச்ச நீதிமன்றம் கடிவாளம் போட்டது: சம்மதமின்றி ஊசி கூடாது, சம்மதித்துப் பேசினாலும் அந்தப் பேச்சு சாட்சியமாகாது, அதைப் பிடித்துப் போய்க் கண்டெடுக்கும் பொருளுக்கு மட்டும் மதிப்புண்டு.

ஆருஷியின் பெற்றோருக்கு 2013-ல் ஆயுள் தண்டனை விதித்தார்கள். 2017-ல் அலகாபாத் உயர் நீதிமன்றம் விடுவித்தது. இத்தனைக்கும் நடுவே, பேச்சல்லாத பொருட்சான்றாக ஒரு தலையணை உறை கிடந்தது. சந்தேகத்துக்குள்ளான உதவியாளரின் அறையில் எடுத்த உறையில் ஹேம்ராஜின் டிஎன்ஏ இருப்பதாக 2008-ல் ஹைதராபாத் ஆய்வகம் அறிக்கை கொடுத்தது. 2011-ல் அதே ஆய்வகம், தட்டச்சில் விவரம் இடம்மாறிவிட்டது, அது ஹேம்ராஜின் அறையிலேயே எடுத்த உறை என்று கடிதம் எழுதியது. எது எந்த அறை உறை என்று அதற்குப் பிறகு நீதிமன்றத்தில் மல்லுக்கட்டினார்கள்.