புல்லட்டுக்கு சைலன்ஸர்!

கோவில்பட்டியில் போய் 'சைலன்ஸர்' என்று சொல்லிப் பாருங்கள். ஒருத்தருக்கும் துப்பாக்கி ஞாபகம் வராது. எட்டயபுரம் ரோட்டில் கரிசல் காடே அதிர, 'டப்... டப்... டப்' என்று போகிற புல்லட் மோட்டார் சைக்கிள்தான் ஞாபகம் வரும். கம்பெனிக்காரன் கொடுத்த சைலன்ஸர் அண்ணாச்சி வீட்டுப் பரணில் தூங்கும். சத்தத்தைக் குறைக்கிற சாமானைக் காசு கொடுத்துக் கழற்றுகிற ஒரே ஜீவன் மனுஷன்தான்!

இந்த இரண்டு சைலன்ஸரிலும் கை வைத்த ஆள் ஒருவர் உண்டு என்றால் நம்புவீர்களா? அமெரிக்காவின் ஹிராம் பெர்ஸி மாக்ஸிம். இவருடைய அப்பா, 1884-ல் 'மாக்ஸிம்' இயந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்து, அந்தச் சத்தத்திலேயே தன் காதைத் தொலைத்தவர். மகன் 1909-ல் துப்பாக்கி சைலன்ஸருக்குக் காப்புரிமை வாங்கினார். அதே தத்துவத்தை இஞ்ஜினுக்கும் கொண்டு போனார். அப்பன் பண்ணிய பாவத்துக்கு மகன் பண்ணிய பரிகாரம்!

அது வந்து இரண்டே வருஷத்தில், 1911 ஜூன் 17 அன்று, கடம்பூரைத் தாண்டி இருக்கிற மணியாச்சி ஜங்ஷனில் ஒரு பிரௌனிங் பிஸ்டல் வெடித்தது. வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்ட அந்தச் சத்தம் லண்டன் வரைக்கும் கேட்டது. எங்கள் பக்கத்துத் துப்பாக்கிச் சரித்திரமெல்லாம் இப்படிச் சத்தமான சரித்திரம்தான்.

அப்படியிருக்க, சத்தமில்லாத துப்பாக்கி பற்றி எனக்கு ஏன் இந்த ஆராய்ச்சி? காரணம், விளாத்திகுளம் பக்கம் மானாவாரியில் மக்காச்சோளம் போட்டிருக்கிற என் மாமா.

"மாப்ளே, நீ ஆபீஸ்ல ஃபேனுக்கடில உக்காந்து நாலு விஷயம் படிக்கிறவன். சத்தமே கேக்காம சுடுற குழாய் ஒண்ணு இருக்காம்ல? லேத் பட்டறைல கொடுத்தா கடைஞ்சி தந்துருவாங்களா?"

மாமாவைக் கோபித்துப் பிரயோஜனமில்லை. கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் காட்டுப்பன்றிக் கூட்டம் ஒரு ராத்திரி இறங்கினால், தின்றது பாதி, மிதித்தது மீதி. நாலு மாசப் பாடு விடிவதற்குள் காலி. அவரிடம் லைசென்ஸ் வாங்கிய ஒற்றைக்குழல் துப்பாக்கி இருக்கிறது. தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கி, முடிந்ததும் திருப்பி வாங்குகிற ஒழுங்கான மனுஷர். தூக்கம் கெட்டுப் போனவருக்கு இந்த யோசனை வந்ததில் ஆச்சரியமில்லை.

சினிமாவை மறங்க சார்!

வில்லன் கோட்டுப் பையிலிருந்து எடுத்துத் திருகுவான். 'ப்ஸ்க்' என்று பூனை தும்மின மாதிரி ஒரு சத்தம். ஆள் காலி! இது டைரக்டர் செய்த சைலன்ஸர்.

நிஜம் வேறு. ரைஃபிள் வெடிக்கும் சத்தம் 160 டெசிபலுக்கு மேல். நல்ல சைலன்ஸர் அதில் 20 முதல் 35 வரை குறைக்கும். மிச்சமிருப்பதே பாறை உடைக்கிற மிஷின் சத்தத்துக்கு மேலே! குழலை விட்டு வெளியே வரும் சூடான வாயுவை, உள்ளே இருக்கிற தடுப்புத் தட்டுகள் மடக்கி, ஆறவைத்து, மெள்ள விடுகின்றன. அவ்வளவுதான் அதன் வேலை. தோட்டா காற்றைக் கிழிக்கிற 'சடீர்' சத்தத்தை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. நம் ஊர் 40 டிகிரி வெயிலில் ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 355 மீட்டர். பெரிய ரைஃபிள் தோட்டா 800 மீட்டருக்கு மேல் பறக்கும். பிறகெப்படி சத்தம் வராமல் இருக்கும்?

தீக்குச்சி பாடம்

தோட்டாவில் இரண்டு ஜாதி: ரிம்ஃபயர், சென்டர்ஃபயர். தீப்பெட்டி ஊர்க்காரனுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். பற்றவைக்கிற மருந்து தோட்டாவின் அடி விளிம்பைச் சுற்றி இருந்தால் ரிம்ஃபயர்; .22 தோட்டா அந்த வகை. அடியின் நட்ட நடுவில் தனிப் பொட்டாக இருந்தால் சென்டர்ஃபயர்.

பின்லாந்து, நார்வே, நியூஸிலாந்து போன்ற நாடுகளில் வேட்டைக்காரர்கள் காதைக் காப்பாற்ற சைலன்ஸர் மாட்டுவது சகஜம். அங்கே வாங்குகிறவர் முதலில் பார்ப்பது இந்த ஜாதியைத்தான். .22-க்கு லேசான அலுமினியமே போதும். ஆனால் ஈயக் கசடும் கரியும் உள்ளே அடை அடையாகப் படியும். அதனால் கழற்றித் துடைக்கிற மாதிரி இருக்க வேண்டும். பெரிய ரைஃபிளுக்கு அழுத்தம் பல மடங்கு. எஃகோ டைட்டானியமோ வேண்டும். அதன் தோட்டாவுக்குச் செம்புக் கவசம் இருப்பதால் ஈயக் கசடு குறைவு. .22-க்கு செய்ததைப் பெரிய ரைஃபிளில் மாட்டினால் வெடித்துச் சிதறலாம். திருகு கொஞ்சம் கோணினாலும் தோட்டா தட்டுகளில் மோதும். துடைக்கும்போது வருகிற ஈயத் தூசி மூச்சில் போனால் விஷம்.

அங்கேயே இத்தனை பத்தியம். இதில் லேத் பட்டறைச் சரக்கு என்றால்..? மாமாவின் முகமே மிஞ்சாது!

குழாய் அல்ல, கம்பி!

முகம் தப்பினாலும் சட்டம் விடாது. 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டம் 'துப்பாக்கி' என்பதற்குச் சொல்கிற விளக்கத்திலேயே, சத்தத்தையோ நெருப்பு வெளிச்சத்தையோ குறைக்கிற துணைக்கருவியையும் சேர்த்திருக்கிறது. அதாவது வெறும் சைலன்ஸர் வைத்திருந்தாலே துப்பாக்கி வைத்திருந்த கணக்கு! 2019-ல் சட்டத்தைத் திருத்தித் தண்டனைகளைக் கடுமையாக்கினார்கள். அனுமதியில்லாமல் செய்கிறவருக்கு ஆயுள் வரைக்கும் போகலாம். கடைகிற பட்டறைக்காரரும் மாமாவோடு சேர்ந்து கம்பி எண்ண வேண்டியதுதான்.

பன்றியைச் சுடவும் நாமாகக் கிளம்ப முடியாது. 1972 வனவிலங்குச் சட்டம் குறுக்கே நிற்கும். 2025 ஜனவரியில் தமிழக அரசு ஒரு முறை சொன்னது. காட்டிலிருந்து 1 கி.மீ. வரை சுடக் கூடாது. 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். அதற்கும் அப்பால் வந்தால் சுடலாம். சுடுவது வனத்துறை ஆட்கள், நாமல்ல.

இத்தனையும் சொல்லிவிட்டு மாமாவிடம் ஒரு கேள்வி கேட்டேன். "மாமா, பன்னி பயந்து ஓடுறது தோட்டாவுக்கா, சத்தத்துக்கா?"

"சத்தத்துக்குத்தான்."

"அதையும் அடைச்சிட்டா?"

மாமா மீசையைத் தடவினார். "வெறும் இரும்புக் கம்புதான் மிஞ்சும்னு சொல்லுதே..."

இப்போது மாமா செய்வது இதுதான். நாசமான கதிரைப் போட்டோ பிடித்து, வனத்துறைக்கு நிவாரண மனு. பக்கத்துக் காட்டுக்காரர்களோடு முறை வைத்துக் காவல். சத்தத்தையும் அடிக்கடி மாற்றுகிறார்கள்; ஒரே சத்தம் நாலு நாளில் பன்றிக்குப் பழகிப்போகும். துப்பாக்கிக்கு மாதம் ஒரு குளியல்: குழலைத் துடைத்து, எண்ணெய் மெல்லிசாக ஒரு பூச்சு. வழியவிட்டால் கரிசல் தூசி அப்பிக்கொள்ளும்.

நான் வாங்கிக் கொடுத்தது ஒன்றே ஒன்று. லைசென்ஸ் வேண்டாம், வழக்கு வராது. காதுக்கு மாட்டுகிற மூடி! போன காது மருந்துக்குத் திரும்பாது என்பதால், காட்டுக்குக் கிளம்பும்போது மறக்காமல் எடுத்துப்போகிறார்.

அதை வீட்டிலும் மாட்டிக்கொண்டு உட்காருகிறார் என்று அத்தை புகார் சொல்கிறார். அந்த வழக்கில் நான் ஆஜராகவில்லை!