ஓய்வு நாளில் ஒரு கலைப் பயணம்

ஆறு நாள் உழைப்பவருக்கு ஏழாம் நாள் உடலுக்கு ஓய்வு தருகிறது. உள்ளத்திற்கும் அன்று உணவு வேண்டாமா? இத்தாலி நாட்டுப் பிளாரன்ஸ் நகருக்குச் செல்வோர் ஆலயங்களையும் ஓவியங்களையும் ஒரே நாளில் கண்டு மகிழ்வர். அங்குள்ள சாந்தா குரோச்சே ஆலயத்தின் சுவர்களிலேயே ஜோட்டோவின் ஓவியங்கள் விளங்குகின்றன. அத்தகைய இன்பத்தைப் பெற நாம் கடல் கடக்க வேண்டுவதில்லை. வித்துராவிலும் அதனைச் சூழ்ந்த மலைத் தோட்டங்களிலும் வாழும் தமிழருக்கு அது அண்மையிலேயே இருக்கிறது. திருவனந்தபுரத்தையே குறிப்பிடுகிறோம்.

வைகறையில் புறப்பட்டு, நெடுமங்காடு வழியாகக் கிழக்கேக்கோட்டையை அடைவோம். நண்பகலில் நடை சாத்தப்படுமாதலால், முதலில் பத்மநாப சுவாமி கோயிலுக்குச் செல்வது நன்று. நம்மாழ்வார் பாடிய திருத்தலம் இது. ஏழு நிலைக் கோபுரம் தமிழ்நாட்டுக் கோபுர அமைப்பிலேயே உயர்ந்து நிற்கிறது. ஆடவர் மேற்சட்டையின்றி வேட்டியுடனும், பெண்டிர் சேலையுடனும் செல்லுதல் மரபு. இந்துக்கள் மட்டுமே உட்செல்லலாம். ஏனையோர் கோபுரத்தின் அழகை வெளியில் நின்று காணலாம்.

1936 நவம்பர் 12-இல் மன்னர் சித்திரைத் திருநாள் ஆலயப் பிரவேசப் பிரகடனத்தை வெளியிட்டார். அதற்கு முன்னர், தாழ்த்தப்பட்டோர் எனப்பட்ட மக்கள் திருவிதாங்கூர் அரசின் கோயில்களுள் நுழைய இயலாது. இன்று நம் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு வாயிலைக் கடக்கும்போது, அந்த ஓரடி எத்துணைப் போராட்டத்திற்குப் பின் கிடைத்தது என்பதை அதற்குச் சொல்லுதல் நம் கடமை.

கோயிலுக்கு அருகிலேயே குதிரமாளிகை உள்ளது. இசை வல்லுநரான சுவாதித் திருநாள் மன்னர் எழுப்பியது. கூரையின் விளிம்பைத் தாங்குவனபோல் 122 மரக்குதிரைகள் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன.

அங்கிருந்து நகரப் பேருந்தில் பாளையம் செல்வோம். படை தங்கிய இடம் என்ற பொருளுடைய அப்பெயர் தமிழருக்குப் புதிதன்று. ஒரே சந்திப்பில் பிள்ளையார் கோயிலும், பள்ளிவாசலும், 1873-இல் எழுந்த புனித சூசையப்பர் பேராலயமும் அமைந்துள்ளன. பேராலயத்தின் கூரிய வளைவுகளை நோக்குங்கள். மேல்நோக்கிக் குவியும் இவ்வளைவு, கண்ணையும் கருத்தையும் உயரே அழைத்துச் செல்வதற்கென ஐரோப்பியச் சிற்பிகள் போற்றிய கோதிக் முறையாகும். வழிபாடு நடைபெறுமாயின், அது முடியும்வரை அமைதியாகக் காத்திருப்போம். சற்று அப்பால், 1906-இல் கட்டப்பட்ட மெட்டீர் நினைவு ஆலயம் இருக்கிறது. சாமுவேல் மெட்டீர் திருவிதாங்கூர் மக்களின் வாழ்க்கையை ஆராய்ந்து நூல்கள் எழுதிய சமயத் தொண்டர்.

பிற்பகலை அருட்காட்சியகத் தோட்டத்திற்கு ஒதுக்குவோம். 1880-இல் முடிவுற்ற நேப்பியர் அருங்காட்சியகத்தை வரைந்தவர் ராபர்ட் சிசம். சென்னைப் பல்கலைக் கழகத்தின் செனட் மண்டபமும் அவர் கைவண்ணமே. கேரளத்துச் சரிந்த கூரையையும் பிறநாட்டு வளைவுகளையும் இணைத்து, பொறியின் துணையின்றிக் காற்று உலவும்படி இதனை அமைத்தார். உள்ளே செப்புத் திருமேனிகளும், தந்தச் சிற்பங்களும், பழைய தேரும் உள்ளன.

அதே தோட்டத்தில் 1935-இல் ஸ்ரீ சித்ரா ஓவியக்கூடம் திறக்கப்பட்டது. அயர்லாந்துக் கவிஞர் ஜேம்ஸ் கசின்ஸ் அதற்குத் தூண்டுகோலாயிருந்தார். கிளிமானூரில் 1848-இல் பிறந்த ராஜா ரவிவர்மாவின் ஓவியங்கள் இதன் தலையாய செல்வம். 2023-இல் அவருக்கெனத் தனிக் கூடமும் இத்தோட்டத்தில் எழுந்தது.

ரவிவர்மாவின் சிறப்பு யாது? தஞ்சாவூர் ஓவியத்தில் பொற்றகடும் கல்லும் ஒளிவீசும்; தெய்வம் நம்மை நேர்முகமாக நோக்கும். ரவிவர்மாவோ ஐரோப்பிய எண்ணெய் வண்ணத்தைக் கையாண்டு, ஒளியும் நிழலும் கலந்து, உருவத்திற்குத் திரட்சி தந்தார். காலில் தைத்த முள்ளை எடுப்பவள்போல் நின்று, துஷ்யந்தனைத் திரும்பி நோக்கும் சகுந்தலையைப் பாருங்கள். முள் ஒரு சாக்கு. நெஞ்சின் தவிப்பே உண்மை. 1894-இல் அவர் பம்பாயில் அச்சகம் நிறுவினார். அவருடைய இலக்குமியும் சரசுவதியும் ஏழையின் சுவரையும் அடைந்தது அதன் பிறகே. நம் வீட்டு நாட்காட்டியில் உள்ள கலைமகளுக்கு மூதாதை யார் என்பது இங்கே விளங்கும்.

அனைத்தையும் ஒரே நாளில் பார்த்துவிட முயல வேண்டா. பத்துப் படங்களை விரைந்து காண்பதினும், ஒன்றின் முன் பத்து நிமிடம் நிற்றல் மேல். திங்கட்கிழமை அருங்காட்சியகத்திற்கு விடுமுறை. மாலை ஐந்துக்கு முன்னரே கதவும் அடைபடும். ஆதலால் ஞாயிறே ஏற்ற நாள்.

இவையெல்லாம் கற்றோர்க்கும் செல்வர்க்குமே உரியவை என்று நம்மில் சிலர் ஒதுங்கி நிற்பதுண்டு. கோயிலுக்குக் கட்டணமில்லை, காட்சிக் கூடத்திற்குச் சிறு தொகையே. வேற்று மாநிலத்தில் வளரும் நம் குழந்தைகள் அந்நகரத்தைப் பிழைக்க வந்த இடமாக மட்டும் அறியாமல், தமக்கும் பங்குள்ள இல்லமாகவும் அறிதல் வேண்டும். அதற்கு ஒரு பேருந்துச் சீட்டும் ஓர் ஓய்வு நாளும் போதும்.