நீலம் ஓடும் வெள்ளை விழி

குழந்தையின் வெள்ளை விழியில் இலேசாக நீலம் ஓடினால் ‘என்ன அழகு’ என்போம். அதோடு விரல்கள் அளவுக்கு மீறி வளைகின்றனவா, கூப்பிட்டால் திரும்பத் தாமதமாகிறதா என்றும் பாருங்கள். எலும்பு எளிதில் முறியும் நோயிலும் விழி நீலமாகும். மிக அரிதாக, ‘பிரிட்டில் கார்னியா சிண்ட்ரோம்’ ஆகவும் இருக்கலாம். இதில் இணைப்புத்திசுவிலேயே குறை. சுமார் 540 மைக்ரான் தடிமன் இருக்க வேண்டிய கருவிழி, இந்தப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் 400-க்கும் கீழே. தம்பியின் கை பட்டால்கூடக் கிழியலாம். கிழிந்ததைத் தைப்பதும் கடினம்; தையல் நூலே மெலிந்த திசுவை அறுத்துவிடும்.

அதனால் கிழியும் முன் காப்பதுதான் வைத்தியம். பவர் இல்லாவிட்டாலும் பாலிகார்பனேட் கண்ணாடி, எழுந்தது முதல் படுக்கும் வரை. “நல்லாத்தானே பார்க்கிறான், எதுக்குக் கண்ணாடி?” என்று பாட்டி கழற்றி வைப்பார். அவரிடம் பொறுமையாகச் சொல்லுங்கள், அந்தக் கண்ணாடிதான் மருந்து. கண்ணைக் கசக்க விடாதீர்கள். அடிபட்டால் கழுவாதீர்கள், அழுத்தாதீர்கள், சொட்டு மருந்து விடாதீர்கள். காகிதக் கோப்பையின் அடிப்பாகத்தைக் கண்ணில் படாமல் மேலே கவிழ்த்து ஒட்டி, உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

சந்தேகம் இருந்தால் கருவிழித் தடிமனை அளக்கும் ‘பேக்கிமெட்ரி’ சோதனையைக் கேளுங்கள். சில நிமிட வேலை. செவித்திறனையும் ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும். தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் இந்த நோய் வரும். இருவரும் அந்தப் பழுதைச் சுமந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் 25 சதவீத வாய்ப்பு. சொந்தத்தில் கட்டினால் இருவரும் அதே பழுதைச் சுமக்கும் வாய்ப்பு கூடும். தாயை மட்டும் குற்றவாளியாக்குவது அநியாயம். அடுத்த குழந்தைக்கு முன் மரபணு ஆலோசனை பெறுங்கள்.

அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வரும் தேசியக் குழந்தைகள் உடல்நலத் திட்டத்தின் (ஆர்.பி.எஸ்.கே.) மருத்துவக் குழுவிடம் காட்டினால், மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு இலவசமாக அனுப்புவார்கள்.

மாற்றுத்திறனாளி சான்றிதழ் விஷயத்தில் பலர் ஏமாந்து போகிறார்கள். ஒரு கண் முற்றிலும் போனாலும், மறு கண் நன்றாயிருந்தால் குறைபாடு 30 சதவீதம்தான். பல சலுகைகளுக்கு 40 வேண்டும். காது கேளாமையும் இருந்தால் இரண்டையும் சேர்த்துக் கணக்கிடச் சொல்லுங்கள். ஆனால் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு, பாகுபாடின்றிச் சேர்க்கவும் தேவையான வசதி செய்து தரவும் பள்ளிகளைப் பணிக்கிறது. 40 சதவீதம் என்ற வரம்பு அதில் இல்லை. பந்து விளையாட்டிலிருந்து விலக்கு, முன்வரிசையில் இடம் ஆகியவற்றை எழுத்தில் கேளுங்கள். ‘பொறுப்பேற்க முடியாது’ என்று சேர்க்க மறுத்தால், அதையும் எழுதித் தரச் சொல்லி, மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் புகார் கொடுங்கள்.