‘மக்கும் கப்’ சரி... எங்கே மக்கும்?

கோல்டு காபி கப்பில் ‘கம்போஸ்டபிள்’ என்று போட்டிருக்கும். அப்போ பூந்தொட்டியில் புதைச்சா மக்கிடுமா? பெரும்பாலும் மக்காது.

இந்தியாவில் அப்படி அச்சிட ஐஎஸ் 17088 தரமும், மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றிதழும் வேண்டும். ஆனால், அந்தத் தரம் மனதில் வைத்திருப்பது உரம் தயாரிக்கும் ஆலையை. உங்கள் பால்கனியை அல்ல. இந்த கப்கள் பெரும்பாலும் சோளம், கரும்பிலிருந்து வரும் பிஎல்ஏ பிளாஸ்டிக். சுமார் 58 டிகிரி செல்சியஸ் சூடும் ஈரமும் வாரக்கணக்கில் நீடித்தால்தான் அதன் நீளமான மூலக்கூறு சங்கிலி அறுந்து, நுண்ணுயிர்கள் தின்னும் அளவுக்குச் சிறிதாகும். சென்னை மே மாத வெயிலில்கூட நம்ம தொட்டி மண் அப்படிக் கொதிக்காது.

சரி, ஆலைக்கே அனுப்பினால்? சான்றிதழ் சோதனையில் 90% மக்க 180 நாள் வரை அவகாசம் உண்டு. பல ஆலைகள் அதற்குள் உரத்தையே விற்றுவிடும். தவிர, குப்பை பிரிப்பவர் கண்ணுக்கு இதுவும் சாதாரண பிளாஸ்டிக் கப்பும் ஒன்றுதான். இப்படிப்பட்ட காரணங்களைச் சொல்லித்தான், அமெரிக்காவின் ஓரிகன் மாநில உர ஆலைகள் சில 2019-ல் ‘மக்கும் பேக்கேஜிங் எங்களுக்கு வேண்டாம்’ என்று கூட்டாக அறிவித்தன.

பெட் பாட்டில்களோடு சேர்த்தும் போடாதீங்க. பிஎல்ஏ கலந்தால் அந்த மறுசுழற்சியும் கெடும்.