புனைவுலகத் தொடர்நூல்கள் : எவற்றை, எம்முறையில் படிப்பது?

முன்னுரை

காணாத உலகைப் படைத்து அதனுள் மாந்தரை உலவவிடும் வழக்கம் நமக்குப் புதிதன்று. விக்கிரமாதித்தன் கதையும் மதனகாமராசன் கதையும் ஆயிரத்தோர் இரவுகளும் நம் முன்னோர் திண்ணையில் அமர்ந்து, இரவு பல கழியக் கேட்டு மகிழ்ந்த கதைகளே. இன்று மேலைநாடுகளிலிருந்து மூன்று, ஆறு, ஏழு எனப் பல பாகங்களாய் வெளிவரும் மிகுகற்பனைக் கதைகளும் அறிவியல் புனைகதைகளும் அக்கதைகளுக்கு உறவுடையவை எனலாம்.

இத்தொடர்களைப் பற்றி இரு சாரார் இருவகை வினாக்களை எழுப்புகின்றனர். "எதில் தொடங்குவது? எங்கே நிறுத்துவது?" என்பது மாணவர் வினா. "பாடநூலுக்கே நேரம் போதாத காலத்தில் இவற்றால் என்ன பயன்? மாயமும் மந்திரமும் இளையோர் உள்ளத்தைக் கெடுத்துவிடாவா?" என்பது பெரியோர் வினா. இரண்டும் நியாயமானவையே. இரண்டிற்கும் ஒருங்கே விடை காண இக்கட்டுரையில் முயல்வோம்.

உரைகல் ஒன்று

அறியப்பட்ட இயற்கை விதியை எதிர்காலத்திற்கோ வேற்றுக் கோளுக்கோ நீட்டிப் பார்ப்பது அறிவியல் புனைகதை. இயற்கையில் இல்லாத விதியொன்றைத் தானே வகுத்துக்கொள்வது மிகுகற்பனை. இரண்டிலும் ஆசிரியர் தாம் வகுத்த விதியைத் தாமே மீறலாகாது. நல்ல தொடரையும் வீண் தொடரையும் பிரித்தறிய நாம் கைக்கொள்ளத்தக்க உரைகல் ஒன்று உண்டு. கதைமாந்தர் பெறும் ஆற்றலுக்கு அவர் என்ன விலை கொடுக்கிறார் என்று கேட்டுப் பார்க்க வேண்டும். விலையின்றி ஆற்றல் கிடைக்கும் கதை பொழுதுபோக்கோடு நின்றுவிடும். விலையைக் கணக்கிட்டுக் காட்டும் கதை படிப்போர் நெஞ்சில் நிலைக்கும்.

கற்பனைக் கதையால் பயனுண்டா என ஐயுறுவோர்க்கு நம் மண்ணோடு தொடர்புடைய சான்று ஒன்றைக் காட்டலாம். வங்கத்தைச் சேர்ந்த ரொக்கையா சகாவத் உசேன் அம்மையார் ஆங்கிலத்தில் எழுதிய 'சுல்தானாவின் கனவு' 1905ஆம் ஆண்டில், சென்னையிலிருந்து வெளிவந்த 'இந்தியன் லேடீஸ் மேகசின்' என்னும் இதழில் வெளியாயிற்று. அது தொடர்நூல் அன்று, சிறு படைப்பே. சூரிய வெப்பத்தைச் சேமித்தும் மேகத்திலிருந்து நீரைப் பெற்றும் பெண்கள் ஆளும் நாடொன்றை அதில் அவர் படைத்துக் காட்டினார். கனவை ஏட்டில் எழுதிய அவரே 1911ஆம் ஆண்டில் கல்கத்தாவில் முஸ்லிம் சிறுமியர்க்கெனப் பள்ளி நடத்தலானார். கற்பனை செயலுக்குப் பகையன்று என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

தமிழ் வாயில்

தமிழிலேயே தொடங்க விரும்புவோர்க்குச் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா', அதன் தொடர்ச்சியான 'மீண்டும் ஜீனோ' ஆகிய இரு நூல்களும் ஏற்ற வாயிலாகும். 'ஆனந்த விகடன்' இதழில் தொடராக வந்த கதை இது. ஜீவா என்னும் தலைவரின் ஆட்சியில், மக்களின் வாழ்வும் இறப்பும் அரசின் கட்டுக்குள் அடங்கிவிட்ட ஒரு நாடு. அங்கே நிலா என்னும் பெண்ணுக்குத் துணையாவது ஜீனோ என்னும் இயந்திர நாய். நகைச்சுவையாய்த் தொடங்கும் கதை, கேள்வி கேட்கும் உரிமையை இழந்த குடிமக்கள் எதையெல்லாம் இழக்கிறார்கள் என்னும் வினாவில் நம்மை நிறுத்துகிறது. இவ்விரண்டையும் படித்தவர் பின்வரும் ஆங்கிலத் தொடர்களுள் நுழைய அஞ்ச வேண்டியதில்லை.

எர்த்சீ : தன்னை அறிதல்

ஆங்கிலத் தொடர்களுள் முதலில் படிக்கத்தக்கது அமெரிக்க எழுத்தாளர் அர்சுலா லெ குவின் (1929-2018) அம்மையாரின் எர்த்சீ தொடராகும். 'எ விசார்ட் ஆஃப் எர்த்சீ' (1968), 'தி டூம்ஸ் ஆஃப் அட்டுவான்' (1971), 'தி ஃபார்தெஸ்ட் ஷோர்' (1972) என்பன முதல் மூன்று நூல்கள். முதல் நூல் ஏறத்தாழ 200 பக்கமே கொண்டது; நடையும் தெளிவானது. கல்லூரி முதலாண்டு மாணவர் அகராதியின் துணையோடு படித்துவிடலாம்.

எண்ணற்ற தீவுகள் நிறைந்த கடல்நாடு அது. அங்கே ஒவ்வொரு பொருளுக்கும் உண்மைப் பெயர் ஒன்றுண்டு. அதனை அறிந்தவனே அப்பொருளை ஆளவல்லவன். கெட் என்னும் ஏழைச் சிறுவன் ரோக் தீவிலுள்ள பள்ளியில் பயில்கையில், செருக்கினால் தன் தகுதிக்கு மீறியதைச் செய்யத் துணிகிறான். கொடிய நிழலொன்று வெளிப்பட்டு அவனைத் துரத்துகிறது. அஞ்சி ஓடும்வரை நிழல் வலுக்கிறது; அவன் திரும்பி நின்று துரத்தத் தொடங்கியதும் அது தளர்கிறது. மாயம் இளையோரைக் கெடுக்குமோ என்று கவலுறும் பெரியோர் இந்நூலை ஒருமுறை படித்துப் பார்த்தல் நலம். இங்கு மாயம் என்பது கல்விக்கும் அதிகாரத்திற்கும் உருவகமேயன்றி வேறில்லை. கற்றவன் செருக்குற்றால் என்னாகும் என்பதே கதையின் உட்பொருள்.

மற்றொன்றும் கருதத்தக்கது. வெள்ளைத்தோல் வீரர்களே நிறைந்திருந்த துறையில், செம்பழுப்பு நிறத்தவனாகத் தம் தலைவனைப் படைத்தார் அம்மையார். 1990இல் வெளிவந்த நான்காம் நூலாகிய 'டெஹானு', அதே உலகைப் பெண்ணின் கண்கொண்டு மறுபடியும் நோக்குகிறது. அது முதிர்ந்த வாசகர்க்குரியது. முதல் மூன்றையும் முடித்துச் சில காலம் கழித்துப் படிக்கலாம்.

மோதிரம் : துறத்தலின் அருமை

அடுத்து, ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் டோல்கீன் (1892-1973) படைத்த உலகம். 'தி ஹாபிட்' 1937இல் வெளிவந்தது. 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' 1954, 1955 ஆகிய ஆண்டுகளில் மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. ஆசிரியர் அதனை ஒரே நூலாகவே எழுதினார். அச்சிடும் செலவைக் கருதிப் பதிப்பகத்தார் மூன்றாகப் பிரித்தனர். ஆகவே முதல் தொகுதியோடு நிறுத்துவது பாதி வழியில் இறங்குவது போலாகும்.

தமிழ் பயிலும் நமக்கு இத்தொடரில் தனி ஈடுபாடு உண்டாதல் இயல்பு. டோல்கீன் பழைய ஆங்கிலத்தைக் கற்பித்த மொழியறிஞர். ஃபின்னிய மொழியின் இனிமையில் ஈடுபட்டுக் குவென்யா என்றொரு மொழியையும், வெல்ஷ் மொழியின் ஒலியைத் தழுவிச் சிந்தாரின் என்றொரு மொழியையும் தாமே ஆக்கினார். அம்மொழிகளைப் பேசுவோர் வாழ ஓர் உலகம் வேண்டுமென்றே கதைகள் எழுந்தன. மொழியிலிருந்து நாடும், நாட்டிலிருந்து வரலாறும் முளைத்த விந்தை இது.

கதையின் நடுவே இருப்பது ஒரு மோதிரம். அணிந்தவர்க்கு அது பேராற்றல் தரும். ஆயின் நல்லெண்ணத்தோடு அணிந்தவரையும் தனக்கு அடிமையாக்கிவிடும். அதனைப் பயன்படுத்தி வெல்வோம் என்போரே கதையில் வீழ்கின்றனர். அதனை அழிக்கச் சுமந்து செல்பவனோ உருவிற் சிறியவன், போரறியாதவன். பெற்ற ஆற்றலைத் துறப்பதே அரிய வீரம் என்பது இந்நூல் தரும் செய்தி. 'தி ஹாபிட்' முதலில், பெருநூல் அடுத்து. ஆசிரியர் மறைவுக்குப்பின் அவர் மகனார் 1977இல் பதிப்பித்த 'தி சில்மரில்லியன்' ஆர்வம் மிக்கோர்க்கு மட்டும்.

ஃபவுண்டேஷன் : வரலாற்றைக் கணக்கிடலாமா?

அறிவியல் புனைகதையில் முதற்கண் வைத்து எண்ணத்தக்கவர் ஐசக் அசிமோவ் (1920-1992). உயிர்வேதியியல் பேராசிரியரான இவர், ரோமப் பேரரசின் வீழ்ச்சி குறித்துக் கிப்பன் எழுதிய வரலாற்றைப் படித்ததன் விளைவாக, விண்மீன் கூட்டம் முழுதையும் ஆளும் பேரரசொன்றின் வீழ்ச்சியைக் கற்பனை செய்தார். 1942 முதல் இதழ்களில் வந்த கதைகள் 'ஃபவுண்டேஷன்' (1951), 'ஃபவுண்டேஷன் அண்ட் எம்பயர்' (1952), 'செகண்ட் ஃபவுண்டேஷன்' (1953) என நூல்களாயின. 1966இல் எக்காலத்திற்கும் சிறந்த தொடர் என்னும் ஹியூகோ விருது இதற்கு வழங்கப்பட்டது.

பேரரசு வீழும், அதன்பின் 30,000 ஆண்டுகள் இருள் சூழும் என்று கணித அறிஞர் ஹாரி செல்டன் கண்டறிகிறார். அவ்விருளை 1,000 ஆண்டுகளாகக் குறைக்கத் திட்டம் வகுக்கிறார். பெருந்திரளான மக்களின் போக்கைக் கணக்கிடலாம், தனிமனிதன் செயலைக் கணக்கிட இயலாது என்பது அவர் கலையின் விதி. எவரும் எதிர்பாராத தனிமனிதன் ஒருவன் தோன்றும்போது அத்திட்டம் என்னாகிறது என்பதை இரண்டாம் நூல் காட்டுகிறது. வரலாறும் பொருளியலும் பயிலும் மாணவர் வகுப்பில் விவாதிக்கத்தக்க பொருள் இது.

குறைகளும் உண்டு. முதல் நூலில் பெண்மாந்தர் இல்லை என்றே சொல்லிவிடலாம். நிகழ்ச்சியைவிட உரையாடலே மிகுதி. மூன்று நூல்களோடு நிறைவு கொள்ளலாம். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து 1982 முதல் வந்த பிற்பாகங்களைப் படியாவிடினும் இழப்பில்லை. 1988இல் வந்த 'பிரிலூட் டு ஃபவுண்டேஷன்' கதைக்கு முற்பட்ட காலத்தைக் கூறினும், அதில் தொடங்குதல் கூடாது.

டியூன் : தலைவனை வணங்குதலின் தீங்கு

இறுதியில் வைக்கத்தக்கது ஃபிராங்க் ஹெர்பர்ட் (1920-1986) எழுதிய டியூன் தொடர். பதிப்பகங்கள் பல மறுத்தபின், ஊர்தி பழுதுபார்க்கும் கையேடுகளுக்குப் பெயர்பெற்ற நிறுவனமொன்று 1965இல் முதல் நூலை வெளியிட்டது. நீரற்ற அராக்கிஸ் என்னும் பாலைக்கோள். அங்கு மட்டுமே கிடைக்கும் அரும்பொருளொன்று. அதற்காகப் போரிடும் பெருங்குடிகள். உடலின் ஈரத்தையும் வீணாக்காது மீட்கும் உடையணிந்து வாழும் பாலைமக்களிடையே, இறந்தவர்க்காகச் சிந்தும் கண்ணீர் பெருங்கொடையாகக் கருதப்படுகிறது. இயற்கைச் சூழலைக் கதையின் உயிராக்கிய பெருமை இந்நூலுக்கு உண்டு.

நம் வாசகர் இதனைத் தனிக் கவனத்தோடு படித்தல் வேண்டும். மஹ்தி, ஜிஹாத், லிசான் அல்-கைப் முதலான அரபுச் சொற்கள் நூலெங்கும் விரவியுள்ளன. அரபியில் ஒழுக்கமும் கல்வியும் புகட்டுவோரைக் குறிக்கும் 'முஅத்திப்' என்னும் சொல் இங்குப் பாலைநில எலியொன்றின் பெயராகி, பின் தலைவனின் பெயருமாகிறது. இம்மக்களின் சமயம் ஆசிரியர் பலவற்றைக் கலந்து புனைந்தது. அதனை இஸ்லாத்தின் விளக்கமாகக் கொள்ளலாகாது. 'முயற்சி' என்னும் விரிந்த பொருளுடைய ஜிஹாத் என்னும் சொல் இங்குப் படையெடுப்பு என்னும் குறுகிய பொருளிலேயே வழங்குவதையும் ஆசிரியப் பெருமக்கள் மாணவர்க்கு எடுத்துக்காட்டலாம். சொற்கள் ஒரு பண்பாட்டிலிருந்து மற்றொன்றிற்குச் செல்கையில் எவற்றை இழக்கின்றன என்பதற்கு இது தக்க பாடம்.

முதல் நூல் பால் என்னும் இளவரசனின் வெற்றியோடு முடிகிறது. அத்துடன் நிறுத்தினால் ஆசிரியர் கருத்தைத் தலைகீழாகப் புரிந்துகொள்ள நேரும். அவ்வெற்றிக்குக் கோடிக்கணக்கானோர் கொடுத்த விலையை 'டியூன் மெசையா' (1969) சொல்கிறது. மீட்பர் வருவார் என மக்களிடையே முன்னரே விதைக்கப்பட்ட கதைகளைக் கொண்டு ஒருவன் எவ்வாறு அதிகாரம் பெறுகிறான் என்பதை ஹெர்பர்ட் எச்சரிக்கையாகவே எழுதினார். 2021, 2024ஆம் ஆண்டுகளில் வந்த திரைப்படங்களை மட்டும் பார்த்தவரும் இவ்விரு நூல்களையும் படித்தல் வேண்டும். ஆசிரியர் எழுதிய எஞ்சிய நான்கு நூல்கள் அவரவர் விருப்பம்.

படிக்கும் முறை

எத்தொடரையும் கதை நிகழும் கால வரிசையில் அல்லாமல், நூல் வெளிவந்த வரிசையிலேயே படிப்பது நன்று. ஆசிரியர் வாசகனுக்கு எதை எப்போது சொல்ல எண்ணினாரோ அவ்வொழுங்கு அதில்தான் உள்ளது. பெயர்கள் பலவாதலின், குறிப்பேடொன்றில் மாந்தர் பெயரையும் ஊர்ப்பெயரையும் எழுதிக்கொள்ளலாம். நண்பர் நால்வர் சேர்ந்து ஒரு தொகுதியை வாங்கி மாற்றிப் படித்தால் செலவும் குறையும், உரையாடலும் வளரும். முதல் 100 பக்கத்தில் உள்ளம் ஒன்றவில்லையெனில் வைத்துவிடுவதில் இழுக்கில்லை.

முடிவுரை

செருக்கினின்று தன்னறிவுக்கு எர்த்சீயும், ஆசையினின்று துறவுக்கு மோதிரக் கதையும், அச்சத்தினின்று திட்டத்திற்கு ஃபவுண்டேஷனும், தலைவழிபாட்டினின்று தெளிவுக்கு டியூனும் நம்மை அழைத்துச் செல்கின்றன. பட்டமும் பதவியும் பெற்று நாளை ஏதேனும் ஓர் ஆற்றலைக் கையில் ஏந்தப் போகும் மாணவர்க்கு, அதன் விலையைக் கதையிலேயே கண்டுகொள்வது பெரும் நன்மை. விடுமுறைக்கு ஒரு தொடர் எனக் கொண்டாலும் பட்டப்படிப்பு முடிவதற்குள் இந்நான்கையும் முடித்துவிடலாம். மாணவர் தொடங்கட்டும், பெரியோரும் உடன் படிக்கட்டும்.