இனிய சொல்லும் இடர் மறைக்கும் சொல்லும்

நம் இலக்கணம் சொல்லை மறைத்துச் சொல்லும் வழக்கத்தை நன்கு அறிந்திருந்தது. இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என்னும் மூன்றையும் 'தகுதி வழக்கு' என்று நன்னூல் வகுத்துரைக்கின்றது. செத்தாரைத் 'துஞ்சினார்' என்பதும், சுடுகாட்டை 'நன்காடு' என்பதும் மங்கலம். ஸ்ரீரங்கத்தில் வைணவர் ஒருவர் காலமானால் 'திருநாடு எய்தினார்' என்பார்கள். கேட்பவருக்கு உண்மை விளங்குகிறது. துயருற்றவர் நெஞ்சமும் புண்படுவதில்லை. இச்சொற்களால் எவரும் ஏமாறுவதில்லை. ஆகவே இவற்றை நாம் குறை கூறுவதற்கில்லை.

ஆனால் கணக்கேட்டிலும் அரசாணையிலும் வழங்கும் இனிய சொற்கள் வேறு இனத்தைச் சேர்ந்தவை. அவை கேட்பவர் மனத்தைக் காப்பதற்காக அன்றி, சொல்பவரின் கடமையைக் குறைப்பதற்காகப் பிறந்தவை.

1943ஆம் ஆண்டு வங்காளத்தில் இலட்சக்கணக்கானோர் பட்டினியாலும் நோயாலும் மாண்டனர். எனினும் பஞ்ச நிவாரண விதிகளின்படி அங்கே 'பஞ்சம்' என்று அறிவிப்புச் செய்யப்படவில்லை. அறிவித்திருந்தால் விதிகளில் கண்ட அளவுக்கு உணவு வழங்கும் பொறுப்பு ஆட்சியாளர் தலையில் விழுந்திருக்கும். ஒரு சொல்லைச் சொல்லாமல் விட்டதால் ஒரு கடமையும் கைநழுவிப் போயிற்று.

அவ்வளவு தொலைவு செல்லவும் வேண்டியதில்லை. காவிரிப் படுகை வறண்டு கிடந்த 2017ஆம் ஆண்டு ஜனவரி 10ஆம் நாள், தமிழகத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சியால் பாதிக்கப்பட்டவை என்று மாநில அரசு அறிவித்தது. அவ்வாண்டு மார்ச்சு 14ஆம் நாள், திருச்சிராப்பள்ளியைச் சேர்ந்த விவசாயிகள் சங்கத் தலைவர் அய்யாக்கண்ணு, விவசாயிகளுடன் தில்லி ஜந்தர் மந்தரில் அறப்போர் தொடங்கினார். கடன் தள்ளுபடியும் வறட்சி நிவாரணமும் காவிரி மேலாண்மை வாரியமும் அவர்தம் கோரிக்கைகள். தற்கொலை செய்துகொண்ட விவசாயிகளுடையவை என்று கூறி மண்டை ஓடுகளை முன்னே வைத்துக்கொண்டு 41 நாட்கள் அவர்கள் அமர்ந்திருந்தனர். அப்போராட்டம் நிறுத்தி வைக்கப்பட்ட சில நாட்களில், விவசாயிகளின் சாவுக்கு வறட்சி காரணமன்று, சொந்தக் காரணங்களே என்று மாநில அரசின் சார்பில் உச்ச நீதிமன்றத்தில் கூறப்பட்டது. கருகிய பயிரும் கட்ட முடியாத கடனும் ஒரு குடியானவனுக்குச் சொந்தக் காரணங்கள் அல்லாமல் வேறென்ன? 'சொந்தக் காரணம்' என்ற அவ்விரு சொற்களுக்குள் வயலும் வாய்க்காலும் வட்டியும் மறைந்துவிட்டன.

பிறரை நோக்கி நீட்டிய விரலை இனி நம் பக்கம் திருப்புவோம். வறட்சிக் காலத்தில் பயிர்க்கடனை 'மத்திய காலக் கடனாக மாற்றுதல்' நம் சங்கங்களில் வழக்கம். இது பயனுள்ள உதவியே. ஆயினும் கடன் தீர்ந்துவிட்டது என்று எண்ணி வீடு திரும்பும் அங்கத்தினர் பலர். கடன் தீரவில்லை, தவணைதான் தள்ளிப் போயிருக்கிறது. இதை அவருக்கு வாய்விட்டுச் சொல்வது காரியதரிசியின் கடமை.

அவ்வாறே, குறுகிய காலப் பயிருக்கான கடனில் அசலோ வட்டியோ இரண்டு பயிர்ப் பருவங்கள் கடந்தும் நிலுவையில் நின்றால் அதனைச் 'செயற்படாச் சொத்து' என்று வங்கி விதி குறிக்கின்றது. வராத கடனுக்குச் சொத்து என்று பெயர்! பழைய கடனை அடைக்கப் புதிய கடன் எழுதிக்கொண்டு அதனைப் 'புதுப்பித்தல்' என்பதும் உண்டு. ஏட்டில் நிலுவை மறைகிறது. அங்கத்தினரின் சுமையோ வட்டியுடன் வளர்கிறது.

நெசவாளர் சங்கங்களின் நிலை என்ன? விற்காமல் அலமாரியில் மங்கும் சேலை ஐந்தொகையில் 'கையிருப்பு' ஆகிறது. பாவும் நூலும் கொடுக்க இயலாமற் போனால் அது 'தற்காலிக வேலைக் குறைப்பு' எனப்படுகிறது. உறையூர்த் தறிக்காரர் வீட்டிலோ அதற்குப் பெயர் உலை ஏறாத நாள்.

நோயின் பெயரை மறைத்தால் மருந்து எவ்வாறு கிடைக்கும்? நட்டத்தை நட்டம் என்று எழுதினால்தான் அதனை ஈடுசெய்யும் வழியை மகாசபை ஆராய முடியும். ஆண்டுதோறும் தணிக்கை நடத்தவும் பொதுப்பேரவை கூட்டவும் கூட்டுறவுச் சட்டம் விதித்திருப்பது இதற்காகவே அன்றோ?

ஆகையால் அங்கத்தினர்களுக்கு நமது வேண்டுகோள் இது. அடுத்த மகாசபையில் ஐந்தொகை வாசிக்கப்படும்போது மூன்று கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள். வரவேண்டிய கடனில் உண்மையில் வரக்கூடியது எவ்வளவு? கையிருப்புச் சரக்கு எத்தனை ஆண்டுப் பழையது, இன்று என்ன விலைக்குப் போகும்? நெசவாளருக்கும் விளைவிப்போருக்கும் சங்கம் தரவேண்டிய பாக்கி எவ்வளவு? கேட்பவரைக் குறை காண்பவர் என்று எண்ணாமல் நிர்வாகக் குழுவினரும் எளிய தமிழில் விடை கூற வேண்டும்.

சாவு வீட்டில் மங்கலச் சொல் பேசுவது பண்பு. கணக்கு வீட்டில் உள்ளதை உள்ளபடி சொல்வதே பண்பு. சங்கம் நம்முடையது, அதன் நட்டமும் நம்முடையதே. நம்முடையதை நமக்கே மறைப்பதால் ஆதாயம் அடைபவர் எவரும் இலர்.