சட்ரஸ் காப்பவரின் இல்லம்

பாலம் கட்டியவரின் பெயர் கல்லில் இருக்கும். அணை கட்டியவரின் பெயர் பாடநூலில் இருக்கும். அவ்வணையின் நீரை வாய்க்கால்தோறும் பிரித்து விடுபவரோ, தண்ணீர் வராத நாளில் ஏசப்படுவதற்கு மட்டுமே நினைவுக்கு வருவார். அத்தகைய ஒருவரை மணந்து ஒன்பது ஆண்டுகளாகக் குடித்தனம் நடத்துகிறேன். என் கணவர் பாசனப் பிரிவில் உதவிப் பொறியாளர். கணவர் பெருமை பேசுகிறாள் என்று அங்கத்தினர்கள் எண்ணினும் பாதகமில்லை.

1934-இல் முடிவுற்ற மேட்டூர் அணையைத் திறக்க வழக்கமான நாள் ஜூன் 12. 2022-இல் மே 24-ஆம் நாளே திறந்தனர். 2024-இல் ஜூலை 28 வரை காத்திருக்க நேர்ந்தது. திறந்த நீர் கல்லணையை அடைய ஏறத்தாழ மூன்று நாட்கள் ஆகும். அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் எனப் பிரிந்து, பின்னர் கிளை கிளையாய் நாகப்பட்டினம், வேதாரணியம் பக்கத்துக் கடைமடை வரை செல்ல வேண்டும். பிரியும் இடங்களிலெல்லாம் நம்மவர் சட்ரஸ் என்று சொல்லும் இரும்புப் பலகைகள் உண்டு. அதனைச் சிறிது தூக்கினால் ஓர் ஊருக்கு இலாபம். இன்னோர் ஊருக்கு நட்டம்.

நீர் குறைந்த ஆண்டில் முறைப்பாசனம் வைப்பார்கள். தலைமடைக்குச் சில நாட்கள் அடைத்தாலன்றிக் கடைமடைக்கு நீர் எட்டாது. அச்சமயத்தில் இரவில் பலகையை ஏற்றிவிடுவோரும், வாய்க்காலில் மணல்மூட்டை அடுக்குவோரும் உண்டு. ஒருமுறை தணிக்கைக்குச் சென்ற சங்கத்தில் வயது முதிர்ந்த அங்கத்தினர் ஒருவர், "அம்மா, நம் ஐயாவிடம் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? அரை அடி தூக்கினால் என் நாற்று பிழைக்கும்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. நாற்று வாடித்தான் இருந்தது. ஆயினும் அந்த அரை அடி, கீழே உள்ள மற்றொரு சங்கத்து அங்கத்தினரின் அரை அடி. முடியாது என்றேன். அவர் அன்று என் கையால் தேநீர் வாங்கிக்கொள்ள மறுத்துவிட்டார். இல்லம் திரும்பி இதனைச் சொன்னபோது, "எத்தனை நாள் நாற்று?" என்றுதான் என் கணவர் வினவினார்.

மழைக்காலத்தில் வேலை தலைகீழ். வயல் நிறைந்த பின்பும் தலைமதகு திறந்திருந்தால் சம்பாப் பயிர் மூழ்கிவிடும். ஆகவே ஐப்பசி, கார்த்திகை இரவுகளில் கூரையில் துளி விழும் ஓசை கேட்டதும் அவர் எழுந்து உட்கார்ந்து விடுவார். லஸ்கருக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டுப் படுக்கலாமே என்பேன். படுக்க மாட்டார். துருப்பிடித்த திருகு இருவர் சேர்ந்தால்தான் சுழலும் என்பார்; டார்ச்சை எடுத்துக்கொண்டு போய்விடுவார். எனக்குக் கோபம் வருவதில்லை என்று எழுதினால் அது பொய். எங்கள் மகளின் காய்ச்சல் இரவுகள் பலவற்றில் நான் தனியே விழித்திருக்கிறேன்.

2018 ஆகஸ்டு 22 இரவு, முக்கொம்பு மேலணையின் கொள்ளிடப் பகுதியில் ஒன்பது மதகுகள் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டன. 1836-இல் எழுந்த அணை அது. மறுநாள் நாடெங்கும் மதகைப் பற்றிப் பேசியது. என் கணவர் அன்று உணவு கொள்ளவில்லை. அது அவர் பிரிவு அன்று. எனினும் உறவினர் வீட்டுத் துக்கம்போல் இருந்தார்.

நெசவாள அங்கத்தினர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. பாவு பிணைப்பவரைச் சேலை வாங்குபவர் அறிவதில்லை. இழை தவறினால் மட்டுமே கேள்வி எழும். என் அலுவலிலும் அப்படியே. பயிர்க்கடன் பேரேட்டில் தவணை தவறிய பெயர்களைக் கண்டால், அவ்வயல்கள் எந்த வாய்க்காலின் எந்தக் கோடியில் உள்ளன என்று இப்போது முதலில் பார்க்கிறேன். கடைக்கோடியாய் இருப்பின், நோட்டீசு எழுதுமுன் நேரில் போகிறேன்.

அங்கத்தினர்களுக்குச் சொல்லுமாறு அவர் கேட்டது ஒன்றே: கரையில் நண்டு வளையோ எலி வளையோ கண்டால் அன்றே லஸ்கரிடம் சொல்லுங்கள். அன்றைக்கு ஒரு கூடை மண் போதும். வெள்ளம் வந்த பின் நூறு மூட்டையும் போதாது.